ஸ்பானிய வினை எங்கே சிக்குகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

ஸ்பானியம் படிக்கத் தொடங்கியவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஓர் அட்டவணை வந்து சேரும். பேசு, சாப்பிடு, வசி என்று மூன்று வினைகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவங்கள். பலர் அந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். மாலை வேளைகளில் புதிதாகப் படிப்பவர்களோடு உட்கார்ந்து பயிற்சி செய்வது என் வழக்கம். அங்கே நான் பார்க்கிற பிழைகள் மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான். ஆள் மாறினாலும் பிழை மாறுவதில்லை.

அதில் பாதிக்கு மேல், ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியத்துக்குள் போவதால் வருகிறது. 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் யார், எத்தனை பேர், எப்போது என்ற மூன்றையும் சொல்லிவிடுகிற மொழி நம்முடையது. ஸ்பானியமும் அப்படித்தான். ஆங்கிலமோ அந்த விகுதிகளை ஏறக்குறைய முழுவதும் உதிர்த்துவிட்டது. அந்த மொழியில் எழுதிய பாடநூலை வைத்துப் படிக்கும்போது, பிறந்ததிலிருந்து நாம் செய்துவருகிற ஒரு காரியமே புதுக் கணக்குப் போலத் தெரிகிறது. மீதிப் பிழைகள் தமிழிலிருந்தே வருகின்றன. அவற்றையும் சொல்கிறேன்.

உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

முதலில்: உச்சரிப்பை எப்படி எழுதியிருக்கிறேன்

ஸ்பானியத்தில் உயிர் ஒலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. குறில், நெடில் என்ற வேறுபாட்டால் பொருள் மாறாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சொல்லிலும் ஏதாவது ஓர் அசையில் அழுத்தம் விழும். நம் காதுக்கு அந்த அசை சற்று நீண்டதுபோலக் கேட்கும். ஆகவே அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்ற அசைகளைக் குறிலாகவும் எழுதுகிறேன். உங்கள் குறிப்பேட்டிலும் இப்படியே எழுதுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

'வ' என்று நான் எழுதும் இடத்தில் உண்மையான ஒலி, 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற 'ப'வுக்கு நெருக்கம். 'த' நம் 'த'தான், 'ட' அல்ல. சொல் முதலில் ஆங்கில எச் எழுத்து இருந்தால் அதற்கு ஒலியே கிடையாது. அதனால்தான் 'பேசு' என்பது 'ஹப்லார்' அல்ல, 'அப்லார்'.

ஒழுங்கான வினைகளின் நிகழ்காலம் இது. வரிசை: நான், நீ, அவன் அல்லது அவள், நாம், நீங்கள் எல்லாரும், அவர்கள்.

அப்லார் (பேசு): ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல, அப்லாமொஸ், அப்லாய்ஸ், ஆப்லன்
கொமேர் (சாப்பிடு): கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென்
விவீர் (வசி): வீவொ, வீவெஸ், வீவெ, விவீமொஸ், விவீஸ், வீவென்

ஐந்தாவது வடிவம் அன்றாடப் பேச்சில் ஸ்பெயினில்தான் புழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவில் 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு 'உஸ்தேதெஸ்' என்று சொல்லி, 'அவர்கள்' வடிவத்தையே போடுகிறார்கள். மெக்சிகோவுக்கோ கொலம்பியாவுக்கோ போவதற்காகப் படிக்கிறீர்கள் என்றால் ஐந்தாவது வடிவத்தைக் கேட்டால் புரிகிற அளவுக்கு வைத்துக்கொண்டு, மனப்பாடத்தைப் பிறகு பார்க்கலாம்.

அறிகுறி: அட்டவணை தலைகீழாகத் தெரியும், வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை

மிக அதிகமாக நான் கேட்கிற முறையீடு இது. ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தையிடம் 'ஏழெட்டு எவ்வளவு' என்று கேட்டால், ஓரேழு ஏழிலிருந்து மெல்ல எண்ணிக்கொண்டு வரும். அதே கதைதான். 'அப்லாமொஸ்' வேண்டுமென்றால் உங்கள் மனம் 'ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல' என்று மூன்று படி ஏறி வருகிறது. அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். அட்டவணையை ஒரு பாட்டாகக் கற்றிருக்கிறீர்கள். பேச்சுக்கு வேண்டியது, எந்த வடிவத்தையும் தனியாகப் பிடுங்கி எடுக்கிற பழக்கம்.

தீர்வு சிறு சீட்டுகள். ஒரு பக்கத்தில் தமிழ்: பேசுகிறோம், சாப்பிடுகிறாய், வசிக்கிறார்கள், பேசுகிறாள். மறுபக்கத்தில் ஸ்பானியம். மூன்று வினைக்கு ஐந்து வடிவம் என்றால் பதினைந்து சீட்டு. சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து உரக்கச் சொல்லுங்கள். சீட்டில் ஆங்கிலம் எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் 'நான்', 'நீ', 'நாம்', 'அவர்கள்' நான்குக்கும் வினை ஒன்றேதான். 'அவன், அவள்' வந்தால் மட்டும் ஓர் 'ஸ்' ஒட்டுகிறது. 'பேசுகிறோம்' என்ற தமிழ்ச் சொல்லில் 'ஓம்' இருக்கிறது. அது நேராக 'மொஸ்' மேல் போய் உட்காரும். 'ஏன்' என்ற விகுதி 'ஒ', 'ஆய்' என்பது 'ஸ்', 'ஆர்கள்' என்பது 'ன்'. விகுதிக்கு விகுதி. நடுவில் மொழிபெயர்ப்பே வேண்டாம்.

அது ஒரு வாரம் ஓடிய பிறகு, கேள்வியும் பதிலுமாகப் பழகுங்கள். உண்மையான உரையாடலில் பெரும்பகுதி 'நீ'யும் 'நானும்'தான். 'ஆப்லஸ் எஸ்பன்யோல்?' என்று கேட்டால் 'ஸீ, ஆப்லொ'. 'வீவெஸ் அகீ?', இங்கேயா வசிக்கிறாய், என்றால் 'ஸீ, வீவொ அகீ'. கேள்வியில் 'ஸ்' கேட்டதும் வாய் தானாக 'ஒ'வுக்குத் திரும்ப வேண்டும். கேள்விக்கென்று ஆங்கிலத்தைப் போல ஒரு துணைவினையைத் தேடவேண்டாம்; குரல் ஏறினால் கேள்வி. மறுப்புக்கு முன்னால் 'நோ' போட்டால் போதும்: நோ ஆப்லொ, பேசுவதில்லை.

இதற்கு மேல் ஒரு சோதனை. தெரியாத ஒரு வினையை எடுத்து ஓட்டிப் பாருங்கள்: த்ரபஹார் (வேலை செய்), கந்தார் (பாடு), பைலார் (ஆடு). தடங்கல் இல்லாமல் த்ரபாஹொ, த்ரபாஹஸ், த்ரபாஹ என்று வந்தால் விதி உங்களுக்குள் போய்விட்டது. வராவிட்டால் 'அப்லார்' என்ற ஒரு சொல்லை மட்டும்தான் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். 'அப்லார்' போல 'ஆர்' என்று முடிகிற குடும்பத்தில் அதிகம் உழைப்பது வீணாகாது. ஸ்பானிய வினைகளில் பெரும்பான்மை அந்தக் குடும்பம். புதிதாகப் பிறக்கிற வினைகளும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. ட்விட்டரில் எழுதுவதற்கு 'துயிதெயார்' என்ற வினை உருவாகி, ஸ்பானிய அரச அகாதமி 2014ல் வெளியிட்ட அகராதியிலும் ஏறிவிட்டது.

அறிகுறி: ஒவ்வொரு வாக்கியமும் 'யோ'வில் தொடங்குகிறது

'யோ ஆப்லொ, யோ கோமொ, யோ வீவொ.' இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கேட்பவருக்கு 'நான் பேசுகிறேன், நான் சாப்பிடுகிறேன், நான் வசிக்கிறேன்' என்று ஒருவர் மார்பில் தட்டிக்கொண்டே பேசுவதுபோல இருக்கும். தொலைபேசியில் அம்மாவிடம் 'சாப்பிட்டேன், கிளம்புகிறேன், அப்புறம் பேசுகிறேன்' என்கிறோம். எத்தனை 'நான்' வந்தது? ஒன்றுமில்லை. அதையே ஸ்பானியத்தில் செய்யுங்கள்.

'யோ' எப்போது வேண்டும் என்பதற்கும் தமிழே அளவுகோல். 'நான் வேலை செய்கிறேன், அவன் பாடிக்கொண்டிருக்கிறான்' என்று இருவரை எதிரெதிரே நிறுத்தும்போது தமிழில் 'நான்' வரும்; ஸ்பானியத்திலும் 'யோ' வரும். 'யார் பணம் கட்டுவது?' 'நான்.' அங்கேயும் வரும். 'அவன், அவள்' வடிவத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், ஏனென்றால் 'ஆப்ல' என்பதற்குள் அவன், அவள், அவர், அது நான்கும் அடங்கிவிடுகின்றன. தமிழ் விகுதி ஆண்பால், பெண்பாலைக் காட்டுகிறது. ஸ்பானிய விகுதி காட்டாது. யார் என்று குழம்பும் இடத்தில் 'ஏல்' (அவன்) அல்லது 'ஏய' (அவள்) போட்டுவிடுங்கள்.

அறிகுறி: பெரியவரிடம் பேசும்போது வினை தப்பாகிறது

மரியாதைக்கு 'உஸ்தேத்' என்று சொல்லிவிட்டு, 'ஆப்லஸ்' என்று 'நீ'க்கான விகுதியைப் போட்டுவிடுகிறோம். 'நீங்கள் பேசுகிறாய்' என்பதுபோல ஆகிவிடும். சரியானது 'உஸ்தேத் ஆப்ல', அதாவது 'அவர்' வடிவம். முன்னால் இருப்பவரைப் பார்த்து 'அவர்' என்பதா என்று பலர் தயங்குகிறார்கள்.

காரணம் தெரிந்தால் தயக்கம் போய்விடும். 'உஸ்தேத்' என்பது 'வுவேஸ்த்ர மெர்ஸேத்' என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவானது. ஏறக்குறைய 'தங்கள் அருள்' என்று பொருள். 'தங்கள் அருள் என்ன நினைக்கிறது?' என்று கேட்டால் வினை படர்க்கையில்தானே நிற்கும்? 'மகாராஜா என்ன உத்தரவிடுகிறார்?' என்று ராஜாவையே பார்த்துக் கேட்பதில்லையா? அந்த அமைப்பு அப்படியே உறைந்துபோய் இன்று கடைக்காரரிடமும் மருத்துவரிடமும் பேசுகிற சாதாரண மரியாதையாக நிற்கிறது.

அறிகுறி: பன்மை விகுதி போடவேண்டிய இடத்தில் ஒருமை, ஒருமையில் பன்மை

இது தமிழிலிருந்து வருகிற பிழை. எந்தப் பாடநூலும் இதை நமக்குச் சொல்லித் தராது, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினையே வரும். 'ரயில் எல்லாம் லேட்டா வருது' என்கிறோம். 'வருகின்றன' மேடையிலும் தாளிலும்தான். அந்தப் பழக்கத்தில் 'லொஸ் த்ரேனெஸ் யேக' என்று சொல்லிவிடுகிறோம். ஸ்பானியத்துக்கு உயர்திணை, அஃறிணை கிடையாது. ரயில் ஒன்றுக்கு மேல் என்றால் 'ன்' வேண்டும்: லொஸ் த்ரேனெஸ் யேகன்.

இரண்டாவது, மரியாதைப் பன்மை. 'அம்மா பேசுறாங்க' என்பதில் அம்மா ஒருவர்தான், விகுதி பன்மை. 'மி மாத்ரெ ஆப்லன்' என்று சொன்ன ஒரு மாணவியை ஆசிரியர் திருத்தியபோது, அம்மாவை எப்படி ஒருமையில் சொல்வது என்று அவருக்கு மனம் ஒப்பவில்லை. அந்த உணர்வு நியாயமானதுதான். ஆனால் ஸ்பானியப் படர்க்கை விகுதிக்கு மரியாதையும் தெரியாது, அவமரியாதையும் தெரியாது. அது எண்ணுகிறது, அவ்வளவே. மி மாத்ரெ ஆப்ல.

மூன்றாவது, 'மக்கள்'. தமிழில் மக்கள் பேசுகிறார்கள். ஸ்பானியத்தில் 'ல ஹேந்தெ' என்பது ஒருமைச் சொல்: ல ஹேந்தெ ஆப்ல. 'ஊர் பேசுகிறது' என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அறிகுறி: 'விவேமொஸ்' என்று வந்துவிடுகிறது

'ஏர்' குடும்பத்தையும் 'ஈர்' குடும்பத்தையும் கலக்கிறீர்கள். கலக்கத் தோன்றுவதில் தப்பில்லை, இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். லத்தீனில் நான்கு வினைக் குடும்பங்கள் இருந்தன, ஸ்பானியத்தில் மூன்றாகிவிட்டன. 1492ல் அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதிய முதல் காஸ்தீலிய, அதாவது ஸ்பானிய, இலக்கணத்திலேயே மூன்றுதான். இடையில் லத்தீனின் ஒரு குடும்பம் சிதறி, சில வினைகள் 'ஏர்' பக்கமும் சில 'ஈர்' பக்கமும் போயின. நிகழ்காலத்தில் இரண்டும் பிரிகிற இடம் 'நாம்', 'நீங்கள் எல்லாரும்' என்ற இரண்டே வடிவங்கள்.

'நாம்' வடிவத்துக்கு அட்டவணையே தேவையில்லை. அகராதியில் உள்ள சொல்லில் கடைசி 'ர்' எடுத்துவிட்டு 'மொஸ்' ஒட்டுங்கள். அப்லார், அப்லாமொஸ். கொமேர், கொமேமொஸ். விவீர், விவீமொஸ். அழுத்தம்கூட இருந்த இடத்திலேயே இருக்கும். தமிழின் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் இதுவே. எதிரில் இருப்பவரைச் சேர்த்தா விலக்கியா என்று ஸ்பானியம் கேட்பதில்லை.

அறிகுறி: 'நான் பேசுகிறேன்' என்றால் 'யார் பேசினார்?' என்று கேட்கிறார்கள்

உங்கள் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். 'ஹப்லோ' என்று எழுதியிருக்கிறீர்களா? அங்கேதான் பிழை பிறந்தது.

ஆப்லொ என்றால் பேசுகிறேன். அப்லோ என்றால் பேசினான், பேசினாள், பேசினார். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கடைசி ஓ-வின் மேல் உள்ள ஒரு சிறு சாய்கோடு. ஒலியில் வேறுபாடு, அழுத்தம் முதல் அசையிலா கடைசி அசையிலா என்பது. இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி எழுதிப் படித்தவர், ஆளையும் காலத்தையும் ஒருசேரத் தவறவிடுகிறார். எனக்குத் தெரிந்த ஒருவர் வேலைக்கான நேர்காணலில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'த்ரபாஹொ' என்பதற்கு 'த்ரபஹோ', 'த்ரபஹோ' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவர் கடைசிவரை வேறு யாரையோ பற்றிய பேச்சு என்று நினைத்தார். அவருக்கு விகுதி நன்றாகத் தெரியும். யாரும் அழுத்தத்தைச் சொல்லித் தரவில்லை.

ஆங்கிலம் வழியாகப் படித்தால் அழுத்தம் என்பதை ஏதோ நுணுக்கமான விஷயமாக ஒதுக்கிவிடுவோம். நமக்கோ குறிலும் நெடிலும் உயிர்நாடி. 'பல்' வேறு, 'பால்' வேறு என்று மூன்று வயதில் தெரிந்துகொண்ட காது இது. அழுத்தத்தை நெடிலாகக் கேளுங்கள், நெடிலாகச் சொல்லுங்கள். ஆப்லொ, அப்லோ. பாகொ, பகோ: பணம் கட்டுகிறேன், பணம் கட்டினார். கைதட்டிக்கொண்டே நீளும் அசையில் ஓங்கித் தட்டுங்கள். நாளைக்கு ஐந்து நிமிடம் வீதம் பத்து நாள் செய்தால் போதும் என்பது என் அனுபவம்.

படிக்கும்போது எது நீளும் என்று கண்டுபிடிக்க ஒரு விதி உண்டு. சொல் உயிரிலோ, ன் அல்லது ஸ் ஒலியிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை நீளும். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசை. இதை மீறுகிற சொல்லுக்குச் சாய்கோடு போட்டிருப்பார்கள். 'அப்லார்' ஏன் பின்னால் நீள்கிறது, 'ஆப்லன்' ஏன் முன்னால் நீள்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு விதிக்குள் அடங்கும்.

அறிகுறி: தினசரிப் பழக்கத்தைச் சொன்னால் எதிர்காலம் என்று புரிந்துகொள்கிறார்கள்

இதுவும் தமிழின் வேலை. 'தினமும் காலையில் காபி குடிப்பேன்.' வடிவம் எதிர்காலம், பொருள் வழக்கம். இதை அப்படியே கொண்டுபோய் 'தொமரே கஃபே' என்றால், இனிமேல்தான் குடிக்கப் போகிறீர்கள் என்று ஆகும். ஸ்பானியத்தில் வழக்கத்துக்கு நிகழ்காலம்: தோமொ கஃபே. 'சின்ன வயதில் நிறையப் பேசுவேன்' என்பதற்கு இன்னொரு வடிவம் இருக்கிறது: அப்லாப. கடந்தகால வழக்கத்துக்கென்றே உள்ள அது, 'ஏர்', 'ஈர்' குடும்பங்களில் கொமீய, விவீய என்று வரும். தமிழில் 'குடிப்பேன்' என்று வாயில் வந்ததும் ஒரு கணம் நின்று, இது நாளைக்கா, தினமுமா, அந்தக் காலத்திலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் மூன்று ஸ்பானிய வடிவம்.

மறுபக்கம், தமிழ் நமக்கு உதவும் இடமும் இதன் பக்கத்திலேயே இருக்கிறது. 'நாளைக்குப் பேசுகிறேன்' என்று நிகழ்காலத்தில் எதிர்காலத்தைச் சொல்வோம். ஸ்பானியக்காரரும் 'மன்யான அப்லாமொஸ்' என்றே விடைபெறுவார், நாளைக்குப் பேசுகிறோம். 'என்ன செய்கிறாய்?' 'சாப்பிடுகிறேன்' என்பதற்கும் 'கோமொ' பொருந்தும். ஆங்கிலத் தொடர்வினையை நினைத்து எல்லா இடத்திலும் 'எஸ்தோய் கொமியேந்தொ' என்று நீட்ட வேண்டியதில்லை. அது 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று அழுத்திச் சொல்ல வேண்டிய நேரத்துக்கு.

உண்மையான எதிர்கால வடிவம் வேண்டியபோது அதுதான் இருப்பதிலேயே எளியது. அகராதிச் சொல்லை வெட்டாமல் அப்படியே வைத்து, மூன்று குடும்பத்துக்கும் ஒரே விகுதிகளை ஒட்டினால் முடிந்தது: அப்லரே, கொமெரே, விவிரே. பழைய ஸ்பானியத்தில் இது இரண்டு சொல். 'பேச' என்பதோடு 'அபேர்' என்ற துணைவினை சேர்ந்து காலப்போக்கில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் முழுச் சொல்லும் உள்ளே அப்படியே நிற்கிறது.

அறிகுறி: 'அப்லாமொஸ்' பேசுகிறோமா, பேசினோமா?

இரண்டும்தான். உங்கள் பிழை இல்லை. 'ஆர்', 'ஈர்' குடும்பங்களில் 'நாம்' வடிவம் இரண்டு காலத்துக்கும் ஒன்று. 'அயேர்' என்ற 'நேற்று' வந்தால் இறந்தகாலம். 'ஏர்' குடும்பம் மட்டும் பிரிந்து நிற்கும்: கொமேமொஸ் சாப்பிடுகிறோம், கொமீமொஸ் சாப்பிட்டோம்.

அறிகுறி: சொல்லும்போது சரி, எழுதினால் சிவப்பு மை

'தேடினேன்' என்பது புஸ்கே. அகராதிச் சொல் புஸ்கார். அதில் உள்ள சி எழுத்தை அப்படியே வைத்து ஈ எழுத்தை ஒட்டினால் ஆசிரியர் அடித்துவிடுகிறார், 'கியூ, யூ' என்று இரண்டெழுத்தைப் போடச் சொல்கிறார். உடனே 'இதுவும் ஒழுங்கில்லாத வினை' என்று தனிப் பட்டியலில் எழுதி மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். இது முழுக்க ஒழுங்கான வினை. காதால் கேட்டால் துளி மாற்றமும் இல்லை.

சிக்கல் எழுத்தில். ஸ்பானிய சி எழுத்து அ, ஒ, உ ஒலிகளுக்கு முன்னால் 'க்'. எ, இ ஒலிகளுக்கு முன்னால் லத்தீன் அமெரிக்காவில் 'ஸ்'. ஆகவே சி-யை வைத்து எழுதினால் 'புஸ்ஸே' என்று படிக்க நேரும். 'க்' ஒலியைக் காப்பாற்றத்தான் எழுத்தை மாற்றுகிறார்கள். பகார் என்ற வினையில் 'பகே' என்று எழுத, ஜி-க்குப் பின் ஒரு யூ நுழைவதும் இதற்காகவே. இல்லாவிட்டால் 'பஹே' ஆகிவிடும். தமிழில் ஓர் எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும், எழுத்து மாறாது. 'கடல்', 'அகல்' இரண்டிலும் அதே க. ஸ்பானியத்தில் ஒலியை நிறுத்திவைக்க எழுத்து மாறுகிறது. முதலில் உரக்கச் சொல்லுங்கள், பிறகு அந்த ஒலியை எழுதுங்கள். வரிசை இதுவாக இருந்தால் சிவப்பு மை குறையும்.

இறந்தகால விகுதிகளை இங்கேயே வைத்துவிடுகிறேன். அப்லே, அப்லாஸ்தெ, அப்லோ, அப்லாமொஸ், அப்லாரொன். கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன். விவீர் இதற்கு அச்சு அசல். வந்தேன், போனேன், உண்டேன், விற்றேன், ஓடினேன் என்று வினைக்கொரு இறந்தகாலம் வைத்திருக்கிற நமக்கு இந்த இரண்டு வரிசை பெரிய பாரம் இல்லை.

அறிகுறி: விதிப்படிதான் போட்டேன், தப்பு என்கிறார்கள்

அந்த வினை ஒழுங்கான வினைதானா என்று பாருங்கள். பென்ஸார், நினை, என்பதை 'பேன்ஸொ' என்று ஓட்டியிருப்பீர்கள். சரியானது பியேன்ஸொ. ஆனால் 'நாம்' வடிவம் பென்ஸாமொஸ், அங்கே மாற்றம் இல்லை. நெடில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். அடிச்சொல்லில் அழுத்தம் விழும்போது மட்டும் எ என்பது இயெ என்று விரிகிறது. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்ததும் சுருங்கிக்கொள்கிறது. பொதேர் (இயலு) என்பது புவேதொ, பொதேமொஸ் என்று ஆவதும் இதே ஓட்டம். அகராதிச் சொல்லைப் பார்த்து எது விரியும், எது விரியாது என்று ஊகிக்க முடியாது. புதிய வினையை எழுதும்போது பக்கத்தில் 'நான்' வடிவத்தையும் எழுதிக்கொள்வதுதான் வழி. பாதுகாப்பான வினை எது, எது சந்தேகம் என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். விகுதிகள் இங்கும் மாறவில்லை என்பதையும் பாருங்கள். நீங்கள் பாடுபட்டுப் படித்த எதுவும் வீணாகவில்லை.

இரு, போ, வைத்திரு, செய் போன்ற அன்றாட வினைகள் தனிப்போக்கு உடையவை. அவற்றை ஒழுங்கான வினைகளின் பயிற்சியோடு கலக்காமல், வாரத்துக்கு ஒன்றாகத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'பிடிக்கும்' என்று சொல்ல வரவில்லை

குஸ்தார் ஒழுங்கான 'ஆர்' வினை. அதனால் 'எனக்கு இசை பிடிக்கும்' என்பதை 'யோ கூஸ்தொ ல மூஸிக' என்று கட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக நிற்பதால் வந்த வினை இது. வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் வாரக்கணக்கில் திணறுவார்கள். தமிழர் திணறவே கூடாத இடம் இது.

எனக்கு இசை பிடிக்கும். மெ கூஸ்த ல மூஸிக. 'மெ' என்பது எனக்கு, 'தெ' உனக்கு, 'லெ' அவனுக்கு அவளுக்கு, 'நொஸ்' நமக்கு. நான்காம் வேற்றுமைக்கு நான்காம் வேற்றுமை. எழுவாய் இசை, ஆகவே வினை இசையோடு ஒத்துப்போகிறது. புத்தகங்கள் என்றால் மெ கூஸ்தன் லொஸ் லீப்ரொஸ். இங்கே மட்டும் தமிழ்ப் பழக்கம் காலை வாரும்: 'பிடிக்கும்' என்பது ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே வடிவம், அதனால் அந்த 'ன்' நழுவிவிடும். பிடித்த பொருள் எத்தனை என்று எண்ணிவிட்டு விகுதி போடுங்கள். 'எனக்குக் குறைகிறது' என்பதற்கு மெ பால்த என்று எழுதலாம், முதல் ஒலி 'ஃப'. 'எனக்கு மிகவும் பிடிக்கும்' என்பது மெ என்காந்த. எல்லாம் இதே அச்சு.

அறிகுறி: அர்ஜென்டினாக்காரர் பேசும் வடிவம் அட்டவணையிலேயே இல்லை

அவர் 'நீ' என்று பொருள்படும் 'தூ'வுக்குப் பதிலாக 'வோஸ்' சொல்கிறார். அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவின் பல பகுதிகளில் அதுதான் வீட்டுப் பேச்சு. வடிவம் அப்லாஸ், கொமேஸ், விவீஸ். அகராதிச் சொல்லின் கடைசி 'ர்' போய் 'ஸ்' வந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. ஒழுங்கான வினைகளில் அந்த நெடிலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நீங்கள் 'ஆப்லஸ்' என்றே பதில் சொல்லுங்கள். அவருக்குத் தாராளமாகப் புரியும்.